லேபிள் தெரியாமல் ஒயின் ருசிக்க

எட்டுப் பேருக்கு நாலு பாட்டில் போதும். தலைக்கு 50 மில்லி ஊற்றினால் ஒரு பாட்டிலின் 750 மில்லியில் 400தான் போகும். மிச்சம் இரண்டாம் சுற்றுக்கு. நாலும் ஒரே திராட்சையாக இருக்கட்டும், ரெட் ஒயினுக்கான ஷிராஸ் மாதிரி: நாசிக் ஷிராஸ் இரண்டு, ஆஸ்திரேலிய ஷிராஸ் இரண்டு. கலந்துகட்டி வைத்தால் ஒப்பிட வழியில்லை.

சென்னையில் காரியத்தைக் கெடுப்பது வெக்கைதான். 32 டிகிரியில் ரெட் ஒயின் வெறும் ஸ்பிரிட்டாக மூக்கில் ஏறும். ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து 16–18 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். பிறகு நியூஸ்பேப்பரில் கழுத்துவரை சுற்றி எண் போடுங்கள். மூடியையும் ஒளித்துவிடுங்கள், திருகுமூடியா கார்க்கா என்பதே பெரிய துப்பு. சுற்றியவர் ஊற்றலாம், எது எந்த ஒயின் என்று ஊகிக்கக் கூடாது.

மல்லிகைப்பூ, ஊதுபத்தி வேண்டாம். கார மிக்சரும் கூடாது, ஆல்கஹாலின் எரிச்சலைக் கூட்டும். வெறும் பிரெட் போதும்.

எல்லோரும் ருசியையும் ஊகத்தையும் எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒருவர் “நாவல்பழம்” என்றால் அப்புறம் அத்தனை பேருக்கும் நாவல்பழம்தான்!