முதலில் மீட்டரைப் பாருங்கள்

கரண்ட் பில் கூடினாலே நான் பிள்ளைகள் மேல்தான் பாய்வேன். "பாத்ரூம் லைட்டை யார் அணைக்காமல் வந்தது?" ஒருநாள் பெரியவள் தாளும் பேனாவுமாக என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். 1000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பாத்ரூம் எல்.இ.டி. பல்பு 9 வாட். ஒரு யூனிட் ஆக அது 111 மணி நேரம் எரிய வேண்டும். நான் போட்டுவிட்டு மறக்கும் வாட்டர் ஹீட்டர் 2000 வாட். அரை மணி நேரம் காய்ந்தாலே ஒரு யூனிட். அதோடு என் வாய் அடைத்துப்போனது.

அன்று ராத்திரி ஒரு சோதனை செய்தோம். நீங்களும் செய்து பாருங்கள். ஃப்ரிட்ஜ் பிளக்கைக்கூடப் பிடுங்கிவிட்டு, எல்லா லைட், ஃபேன், டிவியையும் வழக்கம்போல் அணையுங்கள். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்ன விளக்கு சிமிட்டும். எத்தனை சிமிட்டு ஒரு யூனிட் என்று மீட்டர் மேலேயே அச்சடித்திருக்கும், எங்களுடையதில் 3200. எல்லாம் அணைந்த வீட்டில் நிமிடத்துக்கு 2 தடவை சிமிட்டியது. கணக்குப் போட்டால் 37 வாட் சொச்சம், மாதம் 27 யூனிட்! இதைத் தின்றது ரிமோட்டில் மட்டும் அணைத்த டிவி, செட்டாப் பாக்ஸ், பழைய ஸ்பீக்கர், மோடம். மோடத்தை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் ஸ்விட்ச் வைத்த ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினேன். படுக்கப் போகும்போது ஒரு தட்டு, அவ்வளவுதான்.

அடுத்து, சூடாக்குகிற சாமான்கள். 15 லிட்டர் ஹீட்டர் தண்ணீரை 30 டிகிரி ஏற்ற சுமார் கால் மணி நேரம் போதும். நாள் முழுக்க ஆனில் விட்டால், தண்ணீர் ஆற ஆறத் திரும்பத் திரும்பக் காய்ச்சும். அதனால் எங்கள் வீட்டில் இப்போது ஒருவர் பின் ஒருவராகக் குளியல். அயர்ன் பாக்ஸும் அப்படித்தான்: தினம் ஒரு சட்டைக்குச் சூடேற்றாமல், வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக. அடுப்பில் தண்ணீர் கொதித்த பிறகு தீயைக் கூட்டினால் ஆவிதான் அதிகம் வரும், சூடு ஏறாது, மூடிபோட்டுத் தணித்துவிடுங்கள்.

ஃப்ரிட்ஜ் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. ஏசி இருந்தால் ஃபில்டரைக் கழுவுங்கள், இரண்டு டிகிரி கூட்டி வைத்து ஃபேனையும் போடுங்கள்.

ஃபேன் பற்றி ஒன்று. பழைய ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. ஃபேன் (குறைந்த கரண்டில் ஓடும் புது வகை மோட்டார் வைத்தது) 30 வாட் சொச்சம். தினம் 12 மணி நேரம் சுற்றினால் மாதம் 16 யூனிட் மிச்சம். ஆனால் ஆசைப்பட்டு எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். நான் ஹால் ஃபேனை மட்டும் மாற்றினேன். பின் அறை ஃபேன் மாதத்தில் இரண்டு நாள்தான் சுற்றுகிறது, அது கிடக்கட்டும்.