சிங்கப்பூர் விமானத்துக்குப் பொடி இட்லி

காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையம் போக இரண்டு மணி நேரம். அங்கே காத்திருப்பு மூன்று. அப்புறம் பறப்பது நாலு. மகள் போடும் மலிவு டிக்கெட்டில் சாப்பாடு கிடையாது. அதனால் நான் கட்டிக்கொண்டு போவது பொடி இட்லிதான்.

இட்லியைச் சூட்டோடு கட்டினால் வேர்த்துப் புளித்துவிடும். ஈரத்துணியில் கவிழ்த்து நன்றாக ஆறவிடுங்கள். இரண்டு பக்கமும் நல்லெண்ணெய் தடவி, இட்லி மிளகாய்ப் பொடியில் புரட்டி, அனலில் வாட்டிய வாழையிலையில் நாலு நாலாக மடியுங்கள். எண்ணெய் சொட்டக் கூடாது. பக்கத்து சீட்டுக்காரர் சட்டை வெள்ளையாகத்தான் இருக்கும்!

தேங்காய்ச் சட்னி வேண்டாம், கெட்டுப்போகும். ஒரு தடவை வற்றல் குழம்பைப் பாட்டிலில் கொண்டுபோய், சோதனையில் குப்பைக்குப் போனது. கைப்பையில் 100 மில்லிக்கு மேல் குழம்பும் திரவம்தான். கொப்பரைத் தேங்காயும் கூடாது, எளிதில் தீப்பிடிக்கும் பொருளாம்.

கொறிக்க சீப்புச் சீடையும் மணகோலமும் போதும். தண்ணீருக்குக் காலி பாட்டில். சோதனை முடிந்ததும் உள்ளே பிடித்துக்கொள்ளலாம்.

சில விமானங்களில் வெளிச் சாப்பாட்டைப் பிரிக்கவே விடமாட்டார்கள். டிக்கெட் விதியைப் பாருங்கள். அப்படியென்றால் ஏறுமுன் காத்திருக்கும் இடத்திலேயே சாப்பிட்டுவிடுவேன். பிரிக்க விடும் விமானமென்றால் மிச்ச இட்லியை இறங்குமுன் முடித்துவிடுங்கள். பேரன் கேட்பான் என்று சீடையில் மட்டும் ஒரு பொட்டலம் பிரிக்காமல் வைப்பேன்.