எக்ஸ்பாத் தரும் விடை எந்த வகை? காசிமேட்டு மீன் பட்டியலோடு ஒரு செய்முறை

ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டையார்பேட்டையில் பைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். தகவலை டேக்குகளுக்குள் வைத்து எழுதும் எக்ஸ்எம்எல் பாடத்துக்குக் காசிமேட்டு மீன் ஏலத்தைத்தான் எடுத்துக்கொள்வேன். வருகிறவர்களில் பலருக்கு அது வீட்டுப் பேச்சு. எக்ஸ்எம்எல் கோப்பிலிருந்து வேண்டியதைத் தேடி எடுக்கும் மொழியான எக்ஸ்பாத் வந்ததும் எல்லாரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்: அதே எக்ஸ்பாத் மெத்தட் ஒருமுறை பட்டியலைத் தருகிறது, இன்னொருமுறை எண்ணைத் தருகிறது. அந்த இடத்தை மட்டும் இங்கே பொறுமையாகப் பார்ப்போம்.

படி 1: இந்தக் கோப்பை எழுதிக்கொள்ளுங்கள். விலைகள் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை.

<ஏலம்>
<மீன் வகை="வஞ்சிரம்"><விலை>900</விலை></மீன்>
<மீன் வகை="சங்கரா"><விலை>350</விலை></மீன்>
<மீன் வகை="நெத்திலி"><விலை>200</விலை></மீன்>
</ஏலம்>

டேக் பெயர்கள் தமிழில் இருக்க எக்ஸ்எம்எல் அனுமதிக்கிறது. ஆனால் கவுன்ட், சம், ஸ்ட்ரிங், நம்பர், நாட் ஆகியவை எக்ஸ்பாத்தின் சொந்த ஃபங்ஷன்கள். நிரலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்.

படி 2: பைத்தானின் எல்எக்ஸ்எம்எல் (lxml) நூலகத்தால் கோப்பைத் திறந்து, கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாக எக்ஸ்பாத் மெத்தடுக்குக் கொடுத்து, விடையை அச்சிட்டுப் பாருங்கள்.

//மீன் : மூன்று உறுப்புகள் கொண்ட பட்டியல்
//மீன்/@வகை : மூன்று சரங்கள் கொண்ட பட்டியல்
கவுன்ட்(//மீன்) : 3.0
ஸ்ட்ரிங்(//விலை) : "900"
//விலை > 500 : உண்மை

1999இல் வெளியான எக்ஸ்பாத் 1.0இல் விடை வகைகள் நான்குதான்: நோட் தொகுப்பு (கோப்பின் உறுப்புகள், பண்புகள் போன்றவை), எண், சரம், பூலியன் (உண்மை அல்லது பொய்). நாம் எழுதும் எக்ஸ்பாத் வரியான கோவையின் (expression) வெளிப்புறத்தில் எது இருக்கிறதோ அதுவே வகையைத் தீர்மானிக்கிறது. வெளியே கவுன்ட் இருந்தால் எண். வெளியே வெறும் பாதை இருந்தால் தொகுப்பு, ஒரே ஒரு மீன் அகப்பட்டாலும் அது பட்டியல்தான்.

3 என்று எதிர்பார்த்த இடத்தில் 3.0 வந்ததைக் கவனித்தீர்களா? எக்ஸ்பாத் 1.0க்கு முழு எண் என்று தனி வகை கிடையாது. திரையில் காட்டுமுன் இன்ட் ஆக மாற்றிவிடுங்கள். ஸ்ட்ரிங் முதல் விலையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறது. கடைசிக் கோவையும் ஏமாற்றும்: ஏதாவது ஒரு விலை 500ஐத் தாண்டினாலே உண்மை என்றுவிடும். எல்லா விலையும் தாண்டியதா என்று அறிய நாட்(//விலை <= 500) என்று கேட்க வேண்டும்.

படி 3: இல்லாத மீனைக் கேளுங்கள். என் பார்வையில் இந்தப் பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அப்போது பட்டியலில் வஞ்சிரம் இல்லாமல் போகலாம். அந்த வரியை அழித்துவிட்டு, பா என்ற இடத்தில் //மீன்[@வகை="வஞ்சிரம்"]/விலை என்ற பாதையை வைத்து ஓட்டுங்கள்.

பா : வெற்றுப் பட்டியல்
கவுன்ட்(பா) : 0.0
சம்(பா) : 0.0
ஸ்ட்ரிங்(பா) : வெற்றுச் சரம்
நம்பர்(பா) : NaN, அதாவது 'எண் அல்ல' என்று குறிக்கும் மதிப்பு

மீன் இல்லை என்பது ஒரே செய்திதான், அது வகைக்கு ஒரு வேடத்தில் வருகிறது. பட்டியலில் பார்க்காமல் [0] போட்டால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். அது நல்லது, தவறு உடனே தெரிகிறது. நம்பர் தரும் விடை அப்படியில்லை. "இஃப் விடை" என்று பைத்தானில் சோதித்தால் NaN உண்மை என்றே கணக்கிடப்படும், நிரல் மேலே ஓடிக்கொண்டே இருக்கும். ஒருமுறை நான் எழுதிய விலை அறிக்கையில் மொத்தக் கணக்கே இப்படிக் கெட்டுப்போய், காரணம் தெரியாமல் ஒரு மாலை முழுவதும் தேடினேன். அதனால் எண் வந்தால் மேத் நூலகத்தின் இஸ்நான் (isnan, NaN தானா என்று பார்ப்பது) சோதனையை முதலில் போடுங்கள்.

படி 4: கோவை வெளியிலிருந்து வருகிறது, வகை முன்கூட்டித் தெரியாது என்றால் மதிப்பின் வகையைச் சோதிக்கும் இஸ்இன்ஸ்டன்ஸ் (isinstance) கொண்டு பிரியுங்கள். பட்டியலா, லூப் போடுங்கள். ஃப்ளோட் (பைத்தானில் தசம எண்) என்றால் இஸ்நான். பூலியனையும் சரத்தையும் அப்படியே பயன்படுத்தலாம், சரம் வெறுமையா என்று மட்டும் பாருங்கள்.

பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு வேலை சற்றுத் தெளிவானது. டாகுமென்ட் எவால்யுவேட் மெத்தடின் நான்காவது மதிப்பில் வேண்டிய வகையை நீங்களே சொல்லிவிடலாம்: எண்ணுக்கு 1, சரத்துக்கு 2, பூலியனுக்கு 3. தொகுப்பு வேண்டுமென்றால் 7 கொடுங்கள். அது எடுத்த நேரத்துப் படம்போல அப்படியே நிற்கும். 4, 5 இரண்டும் ஒவ்வொன்றாக எடுத்துத் தருபவை. நடுவில் பக்கத்தை மாற்றினால் அடுத்ததைக் கேட்கும்போது பிழை வரும்.