அத்தையின் பழைய மடிக்கணினி, மறந்துபோன கடவுச்சொல்

பினாங்கில் கொம்தார் பக்கம் அத்தை வாங்கிய பழைய டெல் மடிக்கணினி, விண்டோஸ் 10. கடவுச்சொல் மறந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் கைப்பேசியிலேயே மாற்றியிருக்கலாம். இது கணினிக்குள் மட்டும் இருக்கும் லோக்கல் கணக்கு, பாதுகாப்புக் கேள்விகளும் இல்லை.

எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது எளிது. ஆனால் உள்ளே மாமாவின் கடைசி தைப்பூசப் படங்கள் இருந்தன. முதலில் படங்கள், அப்புறம்தான் மற்றது.

வேறு கணினியில், விண்டோஸ் போலவே கணினியை இயக்கும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றினேன். டெல்லில் பவர் பட்டனை அழுத்தியதும் எஃப்12ஐத் தட்டிக்கொண்டே இருந்தால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் எதையும் நிறுவாமலேயே லினக்ஸ் திறக்கும். வட்டு பிட்லாக்கரால் (விண்டோஸின் வட்டுக் குறியாக்கம்) பூட்டப்படவில்லை, அதனால் யூசர்ஸ் கோப்புறையில் படங்கள் அப்படியே தெரிந்தன. வெளி வட்டுக்கு நகலெடுத்து, ஒவ்வொன்றும் திறக்கிறதா என்று அத்தையையே பார்க்கச் சொன்னேன். இந்த இடத்தில் மட்டும் அவசரப்படவே கூடாது.

மீதி வேலை சுருக்கம். நுழைவுத் திரையில் ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட். பிறகு டிரபிள்ஷூட், ரீசெட் திஸ் பிசி, ரிமூவ் எவ்ரிதிங். விண்டோஸ் உரிமம் அந்த வன்பொருளோடு பதிந்திருந்ததால், இணையம் கிடைத்ததும் தானே செயல்பட்டது. புதுக் கணக்கின் 3 பாதுகாப்புக் கேள்விகளுக்கும் அத்தையே பதில் எழுதினார்.