பச்சை குத்த முதல்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தாருக்கு ஒரு வழிகாட்டி

படத்தைப் பிறகு யோசியுங்கள், உடம்பில் எந்த இடம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எங்கள் பக்கம் பச்சையால் வருகிற சச்சரவில் பாதிக்கு மேல் அது எங்கே இருக்கிறது, யார் கண்ணில் எப்போது படுகிறது என்பதால்தான் வருகிறது.

கந்தோரில் மறைகிற இடம் கோயிலில் மறையாது. சேர்ட்டுக்குள் ஒளிந்திருந்த நெஞ்சும் முதுகும், மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குள் வேட்டியோடு வெறும் மேலுடன் போகும்போது ஊருக்கே தெரியும். ஆண்களுக்கு இரண்டு இடத்திலும் மறைவது தொடைதான். சேலை உடுக்கும் ஆசிரியைக்கு இடுப்பும் மேல் முதுகும் வெளியே தெரியும். அதனால் வழமையாகப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டே கையும் கழுத்தும் முடிகிற இடத்தைப் பேனையால் கோடிட்டு, அதற்கு இரண்டு விரல் உள்ளே தள்ளி இடம் பிடியுங்கள். தாதியருக்கு முன்கை மறையாது. விரலும் உள்ளங்கைப் பக்கமும் முதல் பச்சைக்கு வேண்டவே வேண்டாம். அங்கே தோல் ஓயாமல் தேய்வதால் மை திட்டுத்திட்டாகக் கழன்றுவிடும்.

முடிவெடுக்க ஒரு நல்ல சோதனை உண்டு. அதே அளவில், அதே இடத்தில் மருதோன்றியால் போட்டுப் பாருங்கள். ஒன்று, இரண்டு கிழமை நிற்கும். அந்த நாட்களில் வேலைக்குப் போங்கள், கலியாண வீட்டுக்குப் போங்கள், மாமியைப் போய்ப் பாருங்கள். கையை மறைக்க மனம் தேடினால் இடத்தை மாற்றுங்கள். உண்மையான மருதோன்றி முதலில் செம்மஞ்சளாகத்தான் இருக்கும், இரண்டு நாளில் கபிலமாகும். அரை மணித்தியாலத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் 'கறுப்பு மருதோன்றி'யில் தலைமயிர்ச் சாயத்தில் உள்ள பிபிடி என்ற இரசாயனம் கலந்திருக்கும். அது தோலைக் கொப்பளிக்க வைத்து, தழும்பையும் விட்டுவிட்டுப் போகும். பெருநாளுக்குப் பிள்ளைகளின் கையில் அதைப் போடவே கூடாது.

வீட்டில் சொல்வது

குத்திவிட்டுக் காட்டுவதைவிட, குத்த முதல் சொல்வது நல்லது. "அம்மா, கையில ஒண்டு குத்தப்போறன், இதுதான் படம், இந்த இடம்" என்று மருதோன்றியைக் காட்டியே சொல்லுங்கள். பெரியவர்களின் கோபத்துக்குப் பின்னால் வேறு வேறு பயங்கள் இருக்கின்றன. ஒருவருக்கு நோய் தொற்றும் என்ற பயம். இன்னொருவருக்கு, சோதனைச் சாவடிக் காலத்தில் உடம்பில் ஒரு தழும்பு இருந்தாலே கேள்வி வரும் என்ற பழைய பயம். எது என்று கேட்டு அதற்குப் பதில் சொல்லுங்கள். முந்தைய தலைமுறைப் பெண்களில் கையில் பச்சை குத்தியவர்கள் இருந்தார்கள். உங்கள் அம்மம்மாவின் கையில் இருந்தால் அந்தக் கதையைக் கேளுங்கள், பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.

மகன் குத்தினால் இரண்டு நாள் ஏச்சோடு முடிகிறது. மகள் குத்தினால் கலியாணப் பேச்சு வரை இழுக்கப்படுகிறது. இது அநியாயம், அதை வீட்டில் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் பெண்பிள்ளைகள் இந்த நிலைமையைக் கணக்கில் எடுத்து, தான் விரும்பும்போது மட்டும் காட்டக்கூடிய இடத்தைத் தெரிவதே புத்தி. காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்று முஸ்லிம் பிள்ளைகளுக்கு நிலைமை வேறு. நிரந்தரப் பச்சை மார்க்கத்தில் விலக்கப்பட்டது, உம்மா வாப்பாவின் எதிர்ப்பை வெறும் பழமை என்று எடுக்க முடியாது.

சாமி படம் என்றால் இடுப்புக்குக் கீழே வேண்டாம். புத்தர் படத்தை இந்த நாட்டில் எங்குமே குத்தாதீர்கள். 2014 ஏப்ரலில் கையில் புத்தர் பச்சையோடு கட்டுநாயக்காவில் இறங்கிய பிரித்தானியத் தாதி ஒருவர் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். 2017இல் உயர்நீதிமன்றம் அது உரிமை மீறல் என்று தீர்த்து 8 இலட்சம் ரூபா நட்டஈடு கொடுத்தது உண்மைதான். ஆனால் நீதி வர மூன்று வருடத்துக்கு மேல் எடுத்தது.

காதலர் பெயரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. தமிழ் எழுத்தைப் பற்றிச் சொல்லத் தேவை இருக்கிறது. மை வருடப் போக்கில் தோலுக்குள் பரவும்; சிறிய எழுத்தில் ண, ஞ, இ போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுவிடும், மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிவிடும். ஓர் எழுத்து 1 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் குறையக் கூடாது. குத்துபவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால் தட்டச்சு செய்த எழுத்தாக அனுப்பாதீர்கள், படமாக அனுப்புங்கள். எழுத்துரு மாறினால் கொம்பும் காலும் இடம் மாறிப்போகும். தாள் அச்சைத் தோலில் ஒட்டியதும் வேறு ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். ர, ற பிழை அந்த நேரத்தில் துடைத்தால் போய்விடும். நிறத்தில், எங்கள் தோலுக்குக் கறுப்புத்தான் நின்று பிடிக்கும். வெள்ளையும் மஞ்சளும் மங்கும், ஒவ்வாமை கூடுதலாக வருவது சிவப்பால்.

யார் குத்தக் கூடாது

காது குத்திய இடத்தில் தழும்பு கட்டியாக வளர்ந்தவர்கள் பச்சை குத்த வேண்டாம், கோடு முழுவதும் அப்படியே தடித்து எழும்பலாம். கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு, இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து, கர்ப்பம் என்றால் வைத்தியரிடம் கேட்காமல் போகாதீர்கள். 18 வயதுக்குள் யாரும் வேண்டாம். வளைகுடாவுக்குப் போகக் காத்திருப்பவர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள்: அந்த மருத்துவச் சோதனையில் எச்.ஐ.வி.யும், ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களும் பார்ப்பார்கள். ஓர் அழுக்கு ஊசி போதும், பயணம் நின்றுபோகும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தடவை போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இரத்ததானம் செய்பவர்கள் குத்திய பின் 12 மாதம் பொறுக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல்.

கடையில் பார்க்க வேண்டியது

அறுகம்பையில் உல்லாசப் பயணிகளை நம்பிப் பருவத்துக்குத் திறக்கும் கடையானாலும் ஊருக்குள் ஒரு சலூனின் பின்னறையானாலும் பார்க்க வேண்டியது ஒன்றே. ஊசிப் பொதியை உங்கள் கண் முன்னே கிழிக்க வேண்டும், அதில் காலாவதித் திகதி இருக்க வேண்டும். மையைப் பெரிய போத்தலிலிருந்து சின்ன மூடிக்கு ஊற்றி, மிச்சத்தை வீசிவிட வேண்டும்; போத்தலுக்குள் திருப்பி ஊற்றினால் எழும்பி வந்துவிடுங்கள். மையில் கலக்கக் குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ கூடாது, கிருமி நீக்கிய தண்ணீர் வேண்டும். கையுறையோடு தொலைபேசியைத் தொட்டால் கையுறை மாற வேண்டும். திரும்பப் பயன்படுத்தும் உலோகப் பிடியை 121 பாகையில் குறைந்தது 15 நிமிடம் அழுத்த நீராவியில் வைத்திருக்க வேண்டும். "சுடுதண்ணியில போட்டெடுத்தம்" என்பது போதாது. ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த இரத்தத்திலேயே 7 நாள் உயிரோடு கிடக்கும்.

அன்று வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வெறும் வயிற்றில் தலை சுற்றும். அதற்கு முந்தின நாளிலிருந்தே மது வேண்டாம், இரத்தம் கசிந்து மையைத் தள்ளும். ஊசி 1 முதல் 2 மில்லிமீற்றர் ஆழத்தில் நிற்க வேண்டும். மேலே நின்றால் மை உரிந்து போகும், ஆழம் கூடினால் கோட்டைச் சுற்றி நீலம் ஊறிப் பரவும். அதைத் திருத்துவது கடினம்.

முதல் நாலு கிழமை

சுற்றிய பொலித்தீனை 2 முதல் 4 மணித்தியாலத்தில் கழற்றுங்கள். எங்கள் வெக்கையில் அதற்கு மேல் விட்டால் வியர்வையும் நிணநீரும் தேங்கிக் கிருமி வளரும். கையை முதலில் கழுவி, பிறகு வாசனையில்லாத குழந்தைச் சவர்க்காரத்தை நுரைத்து விரலால் மெதுவாகத் தடவிக் கழுவுங்கள். வீட்டில் கிணறு என்றால் முதல் கிழமை கொதித்தாறிய தண்ணீர். துவாய் வேண்டாம், கடதாசியால் ஒற்றி எடுங்கள். பத்து நிமிடம் காற்றில் உலர்ந்த பின், உள்ளங்கை அளவுப் பச்சைக்கு ஒரு பயற்றளவு வசலீன். தோல் மினுங்கினால் போதும், வழுக்கினால் கூடிவிட்டது. கூடினால் பொருக்கு ஊறி மையோடு கழரும். நாளைக்கு இரண்டு, மூன்று தடவை. டெற்றோல், ஸ்பிரிற் வேண்டாம். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசச் சொல்வார்கள், அன்போடு மறுத்துவிடுங்கள். அம்மியில் உள்ள கிருமி திறந்த புண்ணுக்குள் போகும்.

நாலாம் நாளிலிருந்து உரியும், கடிக்கும். சொறியாதீர்கள், உள்ளங்கையால் தட்டுங்கள். படுக்கை விரிப்பில் ஒட்டிக்கொண்டால் தண்ணீர் விட்டு நனைத்துப் பிரியுங்கள்.

நாலு கிழமை முடியும் வரை கல்லடிக் கடல், வாவி, குளம் எதிலும் இறங்கக் கூடாது. வெதுவெதுப்பான உவர்நீரில் வாழும் விப்ரியோ என்ற பக்டீரியா திறந்த தோலால் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. ஆடி அமாவாசையில் மாமாங்கத் தீர்த்தமாட நேர்ந்திருந்தால் அதற்கு ஒரு மாதம் முன்பே குத்தி ஆறியிருக்க வேண்டும், அல்லது தீர்த்தம் முடியக் குத்துங்கள். வயலில் வேலை செய்பவர்கள் விதைப்புக் காலத்தில் காலில் குத்தாதீர்கள். சேற்றுத் தண்ணீரால் வரும் எலிக்காய்ச்சல் தோலின் சின்னக் கீறலாலேயே புகும், பச்சையோ ஆயிரக்கணக்கான துளைகள். மாரி வெள்ளமும் கச்சான் காற்றின் புழுதியும் இல்லாத மாசி, பங்குனி மாதங்கள்தான் எங்கள் பக்கத்துக்கு ஏற்ற காலம்.

முதல் இரண்டு நாள் சிவப்பும் சூடும் வழமை. மூன்றாம் நாளுக்குப் பிறகும் சிவப்பு பரவினால், சீழ் வந்தால், காய்ச்சலோ நெஞ்சுப் பக்கம் ஓடும் சிவப்புக் கோடோ தெரிந்தால், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கல்முனை, அம்பாறை வைத்தியசாலைக்கோ அன்றே போங்கள். பச்சை குத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். பாமசியில் நீங்களாகக் குளிசை வாங்கிப் போடாதீர்கள்.

ஆறின பின்னும் ஒரு மாதம் வரை நிறம் பால் படிந்ததுபோல் மங்கலாகத் தெரியும், பயப்பட வேண்டாம். விடுபட்ட இடங்களை நிரப்ப ஆறு கிழமைக்குப் பிறகுதான் அதே கடைக்குப் போக வேண்டும். வெயிலில் நின்று வேலை செய்பவர்கள் அதற்குப் பிறகு எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத வெயில் காப்புக் கிறீமைப் பூசுங்கள், அல்லது நீளக்கைச் சட்டை போடுங்கள்.