செழிப்பு உபதேச விவாதத்தில் நாம் வழுக்கி விழும் இடங்கள்

விசுவாசித்தால் சுகமும் செல்வமும் நிச்சயம் என்பது செழிப்பு உபதேசம். கிறிஸ்தவர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் இந்தப் பேச்சு எழுந்தால் எப்படி முடியும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். ஒருவர் "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்பார். எதிரில் இருப்பவர், ஜெபித்தும் நீங்காத பவுலின் மாம்சத்தில் குத்திய முள்ளை எடுத்துப் போடுவார். அவர் தசமபாகம் கொடுத்தால் ஆசீர்வாதம் என்கிற மல்கியாவுக்குப் போனால், இவர் நீதிமானாயிருந்தும் துன்பப்பட்ட யோபுவுக்குப் போவார். அரை மணி நேரத்தில் வேதாகமத்தில் பாதியைப் புரட்டியிருப்பார்கள், எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறார்கள் என்பதை மட்டும் இருவரும் மறந்திருப்பார்கள்.

நான் இரண்டு பக்கமும் உட்கார்ந்து சண்டை போட்டவள். அதனால் சொல்கிறேன், முதல் தவறு கேள்வியிலேயே இருக்கிறது. "தேவன் இன்றைக்கும் சுகமாக்குவாரா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். சுகமளிப்பது போன்ற வரங்கள் அப்போஸ்தலர் காலத்தோடு நின்றுவிட்டன என்று சொல்கிறவர்கள்கூட, வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் முழங்கால் போட்டு ஜெபிக்கத்தான் செய்கிறார்கள். உண்மையான தகராறு வேறு. சுகமும் செல்வமும் இந்த வாழ்நாளிலேயே, இப்போதே, ஒவ்வொரு விசுவாசிக்கும் சிலுவையில் வாங்கிவைக்கப்பட்ட உரிமையா? அது உரிமை என்றால், கிடைக்காதபோது தப்பு யார்மேல்? தேவன்மேல் போட முடியாது. போதகர் தன்மேல் போட்டுக்கொள்ள மாட்டார். மிச்சம் இருப்பது படுக்கையில் கிடப்பவர்தான். இந்த உத்தரவாதக் கணக்கைப் பற்றிப் பேசாமல் வசனங்களை மட்டும் வீசிக்கொள்வதில் பிரயோஜனமில்லை.

அடுத்தது முத்திரை குத்துவது. கை தட்டிப் பாடினால், அந்நியபாஷை பேசினால், நோயாளிகளுக்காகக் கை வைத்து ஜெபித்தால் உடனே "செழிப்பு உபதேசக்காரர்கள்" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். வரலாறு அப்படியில்லை. இன்று நாம் கேட்கும் 'கிடைத்துவிட்டது என்று வாயினால் அறிக்கையிடு, பெற்றுக்கொள்' போதனையின் வேர் பெரும்பாலும் ஈ. டபிள்யூ. கென்யன் (1867–1948) என்ற அமெரிக்கப் போதகரிடம் போகிறது. அதைப் புத்தகங்கள், ஒலிநாடாக்கள் வழியாகவும் 1974இல் தொடங்கிய ரேமா வேதாகமப் பயிற்சிப் பள்ளி வழியாகவும் உலகமெங்கும் கொண்டுபோனவர் கென்னத் ஹேகின் (1917–2003). இந்தப் போதனைக்கு எதிராக முதலில் வாய்திறந்தவர்களில், அந்நியபாஷையையும் சுகமளிக்கும் ஜெபத்தையும் வலியுறுத்தும் பெந்தெகொஸ்தேக்காரர்களே இருந்தார்கள். உலகின் மிகப் பெரிய பெந்தெகொஸ்தே அமைப்பான அசெம்பிளீஸ் ஆஃப் காட், அமெரிக்காவில் 1980இலேயே இந்த 'அறிக்கை' போதனையின் மிகைகளை மறுத்து ஒரு நிலைப்பாட்டு அறிக்கை வெளியிட்டது. செழிப்பு உபதேசத்தைக் கிரேக்க மூலத்தை வைத்துக் கண்டித்து எழுதிய புதிய ஏற்பாட்டு அறிஞர் கார்டன் ஃபீயும் அதே அமைப்பின் ஊழியர்தான். ஹேகினே 2000ஆம் ஆண்டில், தன் வழியில் வந்தவர்கள் காணிக்கை விஷயத்தில் எல்லை மீறுகிறார்கள் என்று ஒரு தனிப் புத்தகம் எழுதினார் என்பது அவருடைய சீடர்களில் பலர் காதில் இன்னும் விழவில்லை.

கென்யன் இந்தக் கருத்துகளை அக்காலத்து 'மனோசக்தி' இயக்கங்களிலிருந்து எடுத்தார் என்ற குற்றச்சாட்டும் உண்டு. இல்லை, 19ஆம் நூற்றாண்டின் சுகமளிக்கும் ஊழியங்களிலிருந்துதான் வந்தது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. தீராத இந்த வழக்கை "இது பிசாசின் உபதேசம்" என்பதற்குச் சாட்சியாக நிறுத்த வேண்டாம். போதனை தவறு என்றால் அதன் உள்ளடக்கத்தை வைத்தே காட்டலாம்.

உள்ளடக்கம் என்றால் வசனம். இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

3 யோவான் 2ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "பிரியமானவனே, உன் ஆத்துமா வாழ்கிறதுபோல நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன்." அமெரிக்கச் சுகமளிக்கும் ஊழியரான ஓரல் ராபர்ட்ஸ் 1947இல் இந்த வசனத்தைப் பார்த்த நாளே தன் ஊழியத்தின் திருப்புமுனை என்று வாழ்நாளெல்லாம் சொன்னார். வசனம் நல்ல வசனம்தான். ஆனால் அது ஒரு கடிதத்தின் தொடக்கம். மூப்பர் ஒருவர் காயு என்ற நண்பருக்கு எழுதுகிறார். அந்தக் காலத்துக் கிரேக்கக் கடிதங்களில் பெயருக்கு அடுத்த வரியில் "நீர் சுகமாயிருக்க வேண்டுகிறேன்" என்று எழுதுவது வழக்கம். நாம் "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கினோமே, அதேதான். ஒருவர் நம் பழைய இன்லண்ட் லெட்டரைப் பிரித்து, அந்த முதல் வரியிலிருந்து "கடிதம் பெறுகிறவர் ஒருபோதும் நோய்ப்பட மாட்டார்" என்று உபதேசம் எடுத்தால் எப்படி இருக்கும்? வேண்டுதலை வேண்டுதலாகப் படியுங்கள். அது வாக்குத்தத்தப் பத்திரமல்ல.

இன்னொன்று, பாதியில் வெட்டுவது. "நூறத்தனையாக" (நூறு மடங்காக) என்ற சொல் கூட்டங்களில் அடிக்கடி முழங்கும். மாற்கு 10:30ஐத் திறந்து பார்த்தால் அந்தச் சொல்லுக்கு முன்னாலேயே "துன்பங்களோடேகூட" என்று நிற்கிறது. அந்தச் சொல்லுக்கு யாரும் ஆமென் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் எதிர்ப்பவர்களும் இதே கத்தரிக்கோலை வைத்திருக்கிறார்கள். அந்தத் தழும்புகள் வசனம் வரும் ஏசாயா 53 ஆவிக்குரிய சுகத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது, உடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஒரே போடாகப் போடுவார்கள். 1 பேதுரு 2:24 அப்படித்தான் பாவத்தோடு இணைத்து எடுக்கிறது, சரி. மத்தேயு 8:17 அதே அதிகாரத்தை எங்கே வைக்கிறது? பேதுருவின் மாமி ஜுரத்திலிருந்து எழுந்த அதே நாள் மாலையில், பிணியாளிகள் எல்லாரும் சொஸ்தமான இடத்தில். ஆகவே உடலும் சிலுவையின் கணக்கில் உண்டு. எப்போது என்பதுதான் கேள்வி. ரோமர் 8:23இல் பவுல் சரீர மீட்புக்குக் "காத்திருந்து" தவிக்கிறோம் என்கிறார். வாங்கப்பட்டது எல்லாம் இன்றே கையில் வந்துவிடவில்லை என்று ஒப்புக்கொண்டால் பாதிச் சண்டை அங்கேயே ஓய்ந்துவிடும்.

பண விஷயத்துக்கு வருவோம். காணிக்கையை விதையாகக் கொடு, அறுவடையாகத் திரும்பும் என்ற 'விதை' போதனையைப் பரப்பியவரும் ஓரல் ராபர்ட்ஸ்தான். "பெருக விதைக்கிறவன் பெருக அறுப்பான்" என்ற 2 கொரிந்தியர் 9:6 இதற்கு ஆதாரம். அங்கே 8, 9 ஆகிய இரண்டு அதிகாரங்களையும் ஒரே மூச்சில் படித்தால் காட்சி மாறிவிடும். எருசலேமில் வறுமையில் இருந்த விசுவாசிகளுக்காகப் பவுல் பணம் திரட்டுகிறார். போதகருடைய செலவுக்கோ கொடுப்பவரின் கடன் தீரவோ அல்ல. எல்லாவற்றையும்விட, 8:12இல் ஒரு வரி: "ஒருவனுக்கு மனவிருப்பமிருந்தால், அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்." வட்டிக்கு வாங்கிக் காணிக்கை போடுகிறவரிடம் நான் காட்டுவது இந்த ஒரு வரியைத்தான். குறிப்பிட்ட தொகையைச் சொல்லி, "இத்தனை பேர் இந்தத் தொகையை விதைக்கக் கர்த்தர் ஏவுகிறார்" என்று மேடையிலிருந்து கேட்டால் பையை மூடிக்கொள்ளலாம், அது பாவமில்லை. அந்தக் கலையில் உலகப் பெயர் பெற்ற தொலைக்காட்சிப் போதகர் பென்னி ஹின்னே 2019இல், தொகை குறித்துக் கேட்பது தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். அதன்பின் நடந்தது எவ்வளவு மாற்றம் என்பது வேறு விவாதம்.

கணக்குக் கேட்டால் "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே" என்ற பதில் வரும். சங்கீதம் 105:15 முற்பிதாக்களுக்கு ராஜாக்கள் தீங்கு செய்யாதபடி தேவன் காத்ததைப் பாடுகிறது. வரவு செலவுப் புத்தகத்தைப் பற்றி அது ஒன்றும் பேசவில்லை. அமெரிக்க செனட்டர் சக் கிராஸ்லி 2007இல் ஆறு பெரிய தொலைக்காட்சி ஊழியங்களிடம் நிதி விவரம் கேட்டார். முழுமையாக ஒத்துழைத்தவை இரண்டுதான். 2011இல் யார்மீதும் தண்டனை இல்லாமல் அந்த விசாரணை முடிந்தது. முழுதாகக் கணக்குக் காட்டிய இரண்டில் ஒன்று பென்னி ஹின்னுடையது! ஆகவே ஆளைப் பிடிக்காது என்பதற்காகத் திருடன் என்று சொல்வதும், பிடிக்கும் என்பதற்காகக் கேட்காமல் விடுவதும் ஒரே சோம்பேறித்தனம்தான்.

சாட்சிகளை விசாரிப்பது அவிசுவாசம் என்றொரு பயம் நம்மில் பலருக்கு உண்டு. இயேசு குஷ்டரோகியைச் சுத்தமாக்கிய கையோடு என்ன சொன்னார்? போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி என்றார். அன்றைக்குச் சுகத்தைச் சரிபார்க்கும் அதிகாரி ஆசாரியன்தான். பிரான்சில் உள்ள கத்தோலிக்கரின் லூர்து தலத்தில் 1883 முதல் ஒரு மருத்துவக் குழு இந்த வேலையைச் செய்கிறது. ஆயிரக்கணக்கானோர் சுகம் பெற்றதாகப் பதிவு செய்திருக்க, 70ஆவது சம்பவம் அற்புதமாக ஏற்கப்பட்டது 2018இல்தான். அவ்வளவு பொறுமை நம் மேடைகளுக்கு இல்லை. மேடை ஏறியவுடன் ஊன்றுகோலை வீசச் சொல்கிறோம். கூட்டத்தின் உற்சாகத்தில் வலி சற்று நேரம் மறந்துபோவது உடலின் இயல்பு, மறுநாள் காலையில் அது திரும்பி வருவதும்தான். மோசடியும் நடந்திருக்கிறது. 1986இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போதகர் பீட்டர் போபாஃப், ஜனங்களின் பெயரையும் நோயையும் விலாசத்தையும் 'வெளிப்பாடாக'ச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெப அட்டைகளைப் பார்த்து அவர் மனைவி வயர்லெஸ்ஸில் காதுக்குள் படித்துக்கொண்டிருந்ததை ஜேம்ஸ் ராண்டி என்ற மந்திரவித்தைக்காரர் பதிவு செய்து தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினார். இதை வைத்து எல்லாச் சாட்சியும் பொய் என்று முடிவு கட்டுவதும் தவறு. கள்ள நோட்டு இருப்பதால் நல்ல நோட்டு இல்லை என்றாகாது.

மருந்தை நிறுத்துவது. இதில் விவாதத்துக்கே இடமில்லை, உயிர் போகும். இரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு போன்றவற்றில் 'நன்றாக இருக்கிறது' என்ற உணர்வு சுகமானதற்கு அடையாளமே அல்ல, பல சமயம் மருந்து வேலை செய்வதற்கு அடையாளம். முதல் வகைச் சர்க்கரை நோயாளி இன்சுலினை நிறுத்தினால் சில நாளிலேயே மரணம் வரை போகலாம். பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும், அறிக்கையிடுவது பெற்றோர், படுகிறது குழந்தை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், சிகிச்சையை மறுத்து ஜெபம் மட்டும் செய்த குடும்பங்களில் பிள்ளைகள் இறந்த பிறகு, 2011இல் மத நம்பிக்கையைக் காரணம் காட்டித் தப்பும் சட்டப் பாதுகாப்பையே எடுத்துவிட்டார்கள். லூக்கா வைத்தியன். திமோத்தேயுவுக்கு வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னவர் பவுல். ஓரல் ராபர்ட்ஸே 1981இல் ஒரு பிரம்மாண்ட மருத்துவமனையைத் திறந்தார், ஜெபமும் மருத்துவமும் சேர்ந்து நடக்க வேண்டும் என்று. பண நெருக்கடியில் 1989இல் அது மூடப்பட்டது என்பது தனிக் கதை.

எதிர்த்து எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கூட்டங்களுக்குப் போகிறவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஏளனம் செய்யாதீர்கள். ஸ்கேனுக்குப் பணமில்லாதவருக்கு அந்தக் கூடாரம்தான் மிச்சமிருக்கும் கதவு. உலகளாவிய சுவிசேஷ இயக்கமான லோசான் இயக்கத்தின் ஆப்பிரிக்க இறையியலாளர்கள் 2008, 2009இல் கானாவில் கூடிச் செழிப்பு உபதேசத்தைக் கண்டித்தபோது, தேவன் அற்புதம் செய்கிறார் என்பதையும் வறுமையின் கொடுமையையும் சேர்த்தே எழுதினார்கள். நம் மறுப்புகளில் அந்த இரண்டாவது பாதி இருப்பதே அபூர்வம்.

கடைசியாக, எனக்கு மிகவும் வலிக்கிற தவறு. எங்கள் ஜெபக்குழுவில் ஒரு சகோதரிக்கு மார்பகப் புற்றுநோய். மூன்றாவது கீமோ முடிந்த வாரம் பார்க்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் வந்தவர்கள் ஜெபித்துவிட்டு, "மறைவான பாவம் ஏதாவது இருந்தால் அறிக்கை செய்யுங்க சிஸ்டர், தடை உடையும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். தலையில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்: "அக்கா, பத்து நாளா யோசிச்சுப் பாத்துட்டேன். எதுன்னு தெரியல. எனக்கு விசுவாசம் பத்தலையோ?"

பெதஸ்தா குளத்தருகே 38 வருஷம் கிடந்தவனுக்குத் தன்னைச் சுகமாக்கினவர் யார் என்றே தெரியாது. கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன் விஷயத்தில் இயேசு கண்டது தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தையும்தான். யாக்கோபு 5இல் நோயாளி செய்ய வேண்டியது மூப்பர்களை வரவழைப்பது மட்டுமே. எண்ணெய் பூசி, 'விசுவாசமுள்ள ஜெபம்' செய்ய வேண்டியவர்கள் வந்த மூப்பர்கள். விசுவாசம் குறைந்தது என்று யாரையாவது கேட்டே ஆகவேண்டும் என்றால், அந்த வசனத்தின்படி கேட்க வேண்டியது கட்டிலில் படுத்திருப்பவரை அல்ல, கட்டிலைச் சுற்றி நிற்பவர்களை.

இதையெல்லாம் அன்று நான் சொல்லவில்லை. பவுல் எழுதிய 2 தீமோத்தேயு 4:20ஐ மட்டும் காட்டினேன். "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்." பவுலோடு பயணம் செய்த துரோப்பீமு எபேசு பட்டணத்தான். அதே எபேசுவில்தான் பவுலின் உடம்பிலிருந்து எடுத்துப்போன உறுமால்கள் (கைக்குட்டைகள்) பட்டே நோய்கள் நீங்கின என்று அப்போஸ்தலர் 19 சொல்கிறது. அவள் வசனத்தை இரண்டு தரம் படித்தாள். "ஏன்னு எழுதலையா?" என்றாள். எழுதலை என்றேன். "அவன் மேல குத்தமும் சொல்லலை, இல்ல?" என்று கேட்டுவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.