மகளின் கலியாண நாளில் தகப்பன் எங்கே நிற்க வேண்டும்

1950இல் வந்த 'ஃபாதர் ஒவ் த பிறைட்' படத்தில் ஸ்பென்சர் ட்ரேசி நடித்த தகப்பன், வீட்டில் நடக்கும் விருந்து முழுவதும் குசினிக்குள் நின்று வந்தவர்களுக்குப் பானம் கலக்கிக்கொண்டிருக்கிறார். கலியாணத்தன்றும் அதே கதைதான். கூட்டத்துக்குள் அகப்பட்டு, எலிசபெத் டெய்லர் நடித்த மகள் புறப்படும்போது கிட்டப் போய் ஒரு சொல் பேச முடியாமல் போகிறது. பிறகு அவள் தொலைபேசியில்தான் விடைபெறுகிறாள். நடப்பது அமெரிக்காவில் என்றாலும் நம் வன்னியில் விசுவமடுவிலோ நெடுங்கேணியிலோ வளவுக்குள் பந்தல் போட்டுப் பிள்ளையைக் கட்டிக்கொடுக்கும் தகப்பனுக்கும் இதே பிழை நேர்கிறது. ஐயர் கன்னிகாதானத்துக்குக் கூப்பிடும் நேரம் அவர் தண்ணீர்ப் பவுசரைத் தேடி றோட்டில் நிற்பார். தாலி கட்டும் நேரமும் மகள் வாகனத்தில் ஏறும் நேரமும் தகப்பனிடம் வேறு வேலை எதுவும் இருக்கக் கூடாது. மற்ற ஆயத்தம் எல்லாவற்றையும் இதை மனதில் வைத்தே செய்யுங்கள்.

நாளும் தண்ணீரும்

வன்னியில் பஞ்சாங்கத்தோடு வயலையும் பார்த்துத்தான் நாள் வைக்க வேண்டும். காலபோக நெல் மாசி, பங்குனியில் வீடு வரும்; குளத்து நீர் கிடைத்த இடங்களில் சிறுபோகம் ஆவணியை ஒட்டி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் கிறவல் ஒழுங்கைக்குள் கதிரை ஏற்றிய லொறி இறங்காது. ஆவணி முகூர்த்தம் கைக்காசுக்கு நல்லது, கிணற்றுக்குக் கூடாது. அந்த மாதத்தில் காலையில் பம்ப் போட்டால் பத்து மணிக்கே கிணறு கலங்கும்.

300 பேருக்குச் சமையல், கை கழுவல், பாத்திரம், கழிப்பறை எல்லாம் சேர்த்து ஆளுக்கு 10 லீற்றர் வையுங்கள். 3,000 லீற்றர், அதாவது 1,000 லீற்றர்த் தாங்கி மூன்று. முதல்நாள் பின்னேரமே நிரப்பிவிட வேண்டும். காலையில் வருகிறேன் என்ற பவுசரை நம்பக் கூடாது. குடிதண்ணீர் இதற்குள் சேராது. அதைத் தனியாக ஆளுக்கு ஒன்றரை லீற்றர் எடுத்துவையுங்கள்.

பந்தல்

300 கதிரையும் நடைபாதையும் மணவறையும் கொள்ள 60 அடிக்கு 45 அடி வேண்டும். தறப்பாளை மட்டமாகக் கட்டினால் ஒரு மழைக்கே நடுவில் தண்ணீர் தேங்கி, பாரத்தில் கம்பு முறியும். நடு வளை பக்கங்களைவிட மூன்றடியாவது உயர்ந்திருக்கட்டும். சுற்றிவர ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, தண்ணீர் போகும் பக்கத்தையும் திறந்துவிடுங்கள். ஓமத்துக்கு மேலே துணியோ ரெஜிபோம் நுரைப் பலகையோ தொங்கக் கூடாது. மணவறை அலங்காரத்துக்கு வருபவரிடம் இதை முன்பே சொல்லி, பக்கத்தில் ஒரு வாளி மணலும் வையுங்கள்.

மின்விளக்கு, பத்து மின்விசிறி, ஒலிபெருக்கி, வீடியோக்காரரின் லைற் எல்லாம் சேர்ந்தால் மூன்று, நாலு கிலோவாற் வரும். 5 கேவிஏ ஜெனரேற்றர் தாங்கும். பந்தலிலிருந்து 50 அடி தள்ளி, புகை ஆட்கள் பக்கம் வராதபடி காற்றைப் பார்த்து வையுங்கள். வெளி லைனிலிருந்து வீட்டைப் பிரித்துவிடும் சேஞ்சோவர் சுவிச் இல்லாமல் வீட்டு பிளக்கில் நேரே குத்தவே கூடாது. மின்சாரம் திரும்பி லைனுக்குள் ஏறி, வெளியே கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரை எடுக்கும்.

சாப்பாடு

அரிசி 1 கிலோ ஏழெட்டுப் பேருக்குக் காணும். 300 பேருக்கு 40 கிலோ, கைக்காவலாக இன்னும் 5. பருப்பு 11 கிலோ, ஒவ்வொரு மரக்கறியும் 20 கிலோ, தேங்காய் 70, வடைக்கு உழுந்து 8 கிலோ, வாழையிலை 350. சோற்றை ஒரேயடியாக வடிக்க வேண்டாம். 25 கிலோ முதலிலும் மீதி முதற்பந்தி இருந்த பிறகும் அடுப்பேறட்டும். பால்கறி வெயிலில் நாலு மணித்தியாலம் தாங்காது. அதனால் பாலைக் கடைசியில் விடச் சொல்லுங்கள்.

ஒரு பந்தியில் 60 பேர் என்றால் ஐந்து பந்தி, பந்திக்கு அரை மணி. 11.30க்குத் தொடங்கினால் முடிய இரண்டு மணி தாண்டும். பஸ் பிடிக்க வேண்டிய தூரத்து ஆட்களை முதற்பந்தியில் இருத்துங்கள். கடைசிப் பந்தியில் கறி காணாமல் போவதற்குச் சமையல்காரரைக் குறை சொல்வது வழக்கம். உண்மையில் முதற்பந்தியில் பரிமாறிய பெடியள் அகப்பையை நிரப்பி அள்ளியதுதான் காரணம். பழகிய ஒருவரைக் கறிச்சட்டியடியில் நிறுத்தி, அவர் அளந்து கொடுக்கட்டும்.

பேர் எழுதிய தாள்

ஒரு கொப்பித் தாளில் ஐந்து பொறுப்பும் ஐந்து பெயரும் எழுதுங்கள்: வாசல் வரவேற்பு, சமையலும் தண்ணீரும், பந்தி, பந்தலும் ஜெனரேற்றரும், காசும் மொய்க் கொப்பியும். 'எல்லாரும் பார்ப்பினம்' என்று விட்ட வேலையை ஒருவரும் பார்ப்பதில்லை. காசுக்காரரிடம் ஐயர், மேளம், சமையல், வாகனம் என்று பெயரெழுதிய கடித உறைகளை விடியமுன் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் தகப்பனைத்தான் தேடி வருவார்கள். மாப்பிள்ளைத் தோழனாகப் போகும் மகனுக்குப் பொறுப்பு எதுவும் எழுத வேண்டாம். மாப்பிள்ளையை அழைத்துவந்து கால் கழுவி மணவறையில் இருத்தும்வரை அவருக்கு அதுவே போதும். தகப்பனின் கைத்தொலைபேசி காலை ஆறு மணிக்கே மைத்துனர் கைக்குப் போய்விட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மணவறையில்

கன்னிகாதானத்தில் இரு பக்கத்திலும் மூன்று தலைமுறைப் பெயர் சொல்ல வேண்டும்: தகப்பன், பேரன் (தகப்பனின் தகப்பன்), பூட்டன் (பேரனின் தகப்பன்). இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களில் பூட்டன் பெயர் தெரிந்த கடைசி ஆளும் இல்லாமல் போயிருக்கலாம். கலியாணத்துக்கு ஒரு மாதம் முன்பே வயது போன உறவுகளைக் கேட்டு, இரண்டு பக்கப் பெயர்களையும் நட்சத்திரத்தையும் தெளிவாக எழுதி ஐயரிடம் கொடுங்கள். கோத்திரம் தெரியாவிட்டால் சிவகோத்திரம் என்று சொல்லும் வழக்கம் உண்டு. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் தொலைந்திருந்தால் அதே மாதத்தில் பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பிரதி எடுத்துவிடுங்கள். கலியாணப் பதிவு அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

தகப்பன் இல்லாத பிள்ளைகள் வன்னியில் எத்தனையோ பேர். பெரியப்பாவும் பெரியம்மாவும், இல்லையென்றால் தாய்மாமனும் மாமியும் தம்பதியாக நின்று தாரைவார்க்கலாம். யார் நிற்பது என்பதைப் பெண்ணையும் தாயையும் கேட்டு, தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்கலுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். மணவறையடியில் வைத்துப் பேசினால் அந்தப் பிள்ளை எல்லார் முன்னாலும் அழ நேரும். தகப்பனின் படம் வைத்து விளக்கேற்றுவதானால் அது காலையில், வீட்டுக்குள், அவளுக்கென்று பத்து நிமிடம் விட்டு.

தாரைவார்ப்பவர் அதுவரை சாப்பிடாமல் இருப்பது வழமை. சலரோகம், பிறசர் உள்ளவர்கள் முதல்நாளே ஐயரிடம் சொல்லிவிட்டுப் பாலும் பழமும் எடுங்கள், மருந்தை விடாதீர்கள். வெறும் வயிறு, ஓமப் புகை, ஆவணி வெயில் மூன்றும் சேர்ந்தால் ஆளைச் சாய்க்கும். அந்தப் படத்துத் தகப்பன் பழைய கோட்டுக்குள் தன்னைத் திணித்துப் படும் பாடு நமக்கு வேட்டியால் இல்லை. பட்டு வேட்டி வழுக்கும், அவ்வளவுதான். உள்ளே பருத்தி வேட்டித் துண்டு கட்டி, மேலே பெல்ற் போட்டு, சால்வையை இடுப்பில் இறுக்குங்கள்.

கால்மாறும் நேரம்

பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்படும் நேரமும் நல்ல நேரம் பார்த்துத்தான் குறிக்கப்படும். பெரும்பாலும் கடைசிப் பந்தியோடு மோதும். மொய்க் கணக்கு, மிஞ்சிய சோறு, கதிரை எண்ணுதல் எல்லாம் ஒன்றாகத் தகப்பன் தலையில் விழுவது அப்போதுதான். குறித்த நேரத்துக்கு அரை மணி முன்பிருந்தே சமையல் பக்கமும் வாசல் பக்கமும் போகாதீர்கள். மகள் உடுப்பு மாற்றும் அறை வாசலில் ஒரு கதிரை போட்டு இருங்கள். வீடியோக்காரரைப் பத்து நிமிடம் வெளியே நிற்கச் சொல்லலாம், கேட்பார். அவள் வந்ததும் வாகனம்வரை பக்கத்திலேயே நடந்து போய், கதவைச் சாத்திவிடுங்கள். வாடகைக் கிடாரங்களை அதற்குப் பிறகு எண்ணலாம்.